ஸ்டாஃப் கிருமிக்குத் தடுப்பூசி ஏன் இன்னும் வரவில்லை?

கார்முகில்

அப்பாவுக்கு டயாலிசிஸ் தொடங்கி மூன்று வருடம் ஆகிறது. அதற்குள் இரண்டு முறை ரத்தத்தில் ஸ்டாஃப் கிருமி ஏறி ஐசியூவில் கிடந்தார். முதல் முறை கழுத்தில் போட்டிருந்த குழாய் வழியாக வந்தது என்றார்கள். இரண்டாவது முறை எப்படி வந்தது என்று யாராலும் சரியாகச் சொல்ல முடியவில்லை. காலையில் நன்றாகப் பேசிக்கொண்டிருந்தவர், டயாலிசிஸ் முடிகிற நேரத்தில் உடம்பே தூக்கிப் போடுகிற மாதிரி குளிரில் நடுங்கினார், இரண்டு போர்வை போர்த்தியும் பல் கிட்டித்துக்கொண்டே இருந்தது. கல்ச்சர் ரிப்போர்ட் வந்தபோது அதே பெயர்தான், ஸ்டாஃபிலோகாக்கஸ் ஆரியஸ்.

ஹெபடைடிஸ் பி ஊசி, நிமோனியா ஊசி எல்லாம் அவருக்குப் போட்டாயிற்று. அவரை இரண்டு முறை படுக்கையில் தள்ளிய கிருமிக்கு மட்டும் ஊசியே இல்லை என்கிறார்கள். ஒரு தடவை வந்து போன நோய்க்கு உடம்பில் எதிர்ப்புச் சக்தி வந்துவிடும் என்றுதானே பள்ளியில் படித்தோம்? அப்படியானால் அப்பாவுக்கு ஏன் மறுபடி வந்தது? விஷயம் தெரிந்தவர்கள் சொல்லுங்கள். சுருக்கமாக வேண்டாம், நீளமாகவே எழுதுங்கள், நான் படிக்கிறேன்.

ஆய்வகத்தோழி

அப்பா இப்போது எப்படி இருக்கிறார் கார்முகில்? இரண்டு தடவை ரத்தத்தில் வந்து பிழைத்திருக்கிறார் என்றால் அது சின்ன விஷயமே இல்லை.

நான் நுண்ணுயிர் ஆய்வகத்தில் வேலை பார்க்கிறேன். இந்தக் கிருமியை வாரத்தில் எல்லா நாளும் பார்க்கிறவள் என்ற முறையில் ஒன்று சொல்கிறேன். கிருமி வளர்க்க ரத்தம் கலந்து செய்த ரத்த அகார் தட்டில் தடவி இரவு முழுக்க 37 டிகிரியில் வைத்துவிட்டுக் காலையில் திறந்தால், குண்டூசித் தலையைவிடக் கொஞ்சம் பெரிதாக, வழவழவென்று, மங்கிய பொன் நிறத்தில் மேடு மேடாக வளர்ந்திருக்கும். ஆரியஸ் என்ற பெயரே அந்தப் பொன் நிறத்தால் வந்ததுதான். ஒவ்வொரு மேட்டையும் சுற்றி ரத்தம் கரைந்துபோய் ஒரு தெளிந்த வளையம் இருக்கும். கிருமி கக்கும் நச்சு சிவப்பணுக்களை உடைத்த இடம் அது.

அப்புறம் இன்னொரு சோதனை உண்டு. சின்னக் குழாயில் முயல் பிளாஸ்மா, அதாவது ரத்தத்தின் திரவப் பகுதி, எடுத்து அதில் இந்தக் கிருமியைக் கலந்து நான்கு மணி நேரம் வைப்போம். பிறகு குழாயைச் சாய்த்தால் தண்ணீர்போல ஓட வேண்டிய பிளாஸ்மா ஜெல்லி மாதிரி இறுகி அப்படியே நிற்கும். முதல் முறை பார்த்தபோது எனக்குக் கை சில்லிட்டது. ஏனென்றால் நம் உடம்புக்குள்ளும் அதையேதான் செய்கிறது. நம்முடைய ரத்தத்தை உறைய வைத்து, அதில் உண்டாகும் நாரிழைகளையே எடுத்துத் தன்னைச் சுற்றி வேலி கட்டிக்கொள்கிறது. வெள்ளையணு வேலிக்கு வெளியே நிற்கும், கிருமி உள்ளே பெருகும். சீழ்க்கட்டி என்பது அதுதான்.

இதில் வேதனை என்னவென்றால் ஏறத்தாழ பத்தில் மூன்று பேர் இதை மூக்குக்குள் சும்மாவே வைத்துக்கொண்டு நடமாடுகிறார்கள். அவர்களுக்கு ஒன்றும் செய்யாது. தோலில் ஒரு வழி திறந்தால்தான் ஆபத்து. டயாலிசிஸ் நோயாளிக்கு அந்த வழி வாரத்துக்கு மூன்று முறை திறக்கிறது. தடுப்பூசி ஏன் வரவில்லை என்பதை இந்தத் துறையில் இருப்பவர்கள்தான் சொல்ல வேண்டும். நுண்ணோக்கி சார் பார்த்தால் எழுதுங்கள்.

நுண்ணோக்கி

பார்த்துவிட்டேன் தோழி. நீளமாக வேண்டும் என்று கார்முகில் கேட்டிருப்பதால் நீளமாகவே எழுதுகிறேன்.

முதலில் ஒன்று, முயற்சியே நடக்கவில்லை என்று நினைக்காதீர்கள். அலெக்சாண்டர் ஆக்ஸ்டன் என்ற ஸ்காட்லாந்து அறுவை மருத்துவர் சீழை நுண்ணோக்கியில் பார்த்து, திராட்சைக் கொத்து மாதிரி இருக்கிறதே என்று இதற்குப் பெயர் வைத்தது 1880களில். அடுத்த இருபது முப்பது வருடத்துக்குள்ளேயே ஆல்ம்ரோத் ரைட் என்ற மருத்துவர் லண்டனில் கொன்ற ஸ்டாஃப் கிருமியை ஊசியாகப் போட்டுக் கொப்புளக் கட்டிகளைக் குணப்படுத்தப் பார்த்தார். நூறு வருடத்துக்கு மேல் ஆகிவிட்டது.

நம் காலத்தில் நடந்த பெரிய சோதனைகள் மூன்று. முதலாவது உங்கள் அப்பாவைப் போன்றவர்களுக்காகவே நடந்தது. ஸ்டாஃப்வாக்ஸ் என்று பெயர், நாபி என்ற அமெரிக்க நிறுவனம் செய்தது. கிருமியின் மேல் ஒரு சர்க்கரைப் போர்வை இருக்கிறது. அதில் 5, 8 என்ற இரண்டு வகைதான் நோயாளிகளிடம் அதிகம் கிடைக்கும். நிமோனியா ஊசி இப்படிப்பட்ட போர்வையைக் குறிவைத்துத்தான் வெற்றி பெற்றது, அதே வழியில் போகலாம் என்று நினைத்தார்கள். டயாலிசிஸ் நோயாளிகள் 1,804 பேரிடம் நடந்த சோதனையின் முடிவு 2002-ல் வெளிவந்தது. 40 வாரம் வரை பார்த்தால் ரத்தத் தொற்று 57 சதவீதம் குறைந்திருந்தது. ஆனால் முன்கூட்டியே எழுதி வைத்த இலக்கு 54 வாரம். அந்த இடத்தில் பாதுகாப்பு கரைந்துவிட்டது. எல்லோரும் நம்பிக்கையோடுதான் இருந்தார்கள், இன்னும் பெரிய சோதனை வைத்தார்கள், 2005-ல் அதுவும் தோற்றது.

இரண்டாவது மெர்க் மருந்து நிறுவனத்தின் வி710 ஊசி. இது வேறு உத்தி. கிருமிக்கு வளர இரும்புச்சத்து வேண்டும், அதை நம் ஹீமோகுளோபினிலிருந்துதான் பறிக்கும், பறிக்கிற கை ஐஎஸ்டிபி என்ற ஒரு புரதம். அந்தக் கையைக் கட்டிப்போடலாம் என்பது திட்டம். நெஞ்சைத் திறந்து அறுவை சிகிச்சை செய்துகொள்ளப் போகிறவர்கள் ஏறத்தாழ 8,000 பேர் சேர்ந்தார்கள். 2011-ல் கண்காணிப்புக் குழு சோதனையை நிறுத்தச் சொன்னது. பலன் இல்லை என்பது ஒரு காரணம். இன்னொரு காரணம்தான் இந்தத் துறையையே உலுக்கியது. ஸ்டாஃப் தொற்று வந்தவர்களை மட்டும் எடுத்துப் பார்த்தால், ஊசி போட்டுக்கொண்டவர்களிடையே இறப்பு விகிதம் மருந்தில்லாத வெற்று ஊசி போட்டவர்களைவிட ஏறத்தாழ ஐந்து மடங்கு.

மூன்றாவது ஃபைசர். ஒன்றைக் குறிவைத்தால் போதாது என்று நான்கைச் சேர்த்தார்கள், இரண்டு போர்வைச் சர்க்கரை, இரண்டு புரதம். முதுகெலும்பு அறுவை சிகிச்சைக்கு முன் போட்டார்கள். ரத்தத்தில் ஆன்டிபாடி, அதாவது கிருமியைப் பிடிக்க உடம்பு உருவாக்கும் புரதம், அருமையாக ஏறியது. ஆய்வகத்தில் அந்த ரத்தம் கிருமியைக் கொன்றது. ஆனால் நோயாளியிடம் ஒரு வித்தியாசமும் இல்லை. 2018 டிசம்பரில் நிறுத்திவிட்டார்கள்.

இந்த மூன்றாவது தோல்விதான் என்னை அதிகம் யோசிக்க வைத்தது. மற்ற இரண்டிலும் குறை சொல்ல ஏதோ இருந்தது. இதில் செய்ய வேண்டிய எல்லாவற்றையும் ஒழுங்காகச் செய்திருந்தார்கள்.

வெண்தாள்

ஐந்து மடங்கு இறப்பு என்று சர்வசாதாரணமாகச் சொல்லிவிட்டுப் போகிறீர்கள். அப்படியென்றால் ஊசி அவர்களைக் கொன்றது என்றுதானே பொருள்? இதைப் படித்துவிட்டு யார் அடுத்த சோதனைக்குக் கை நீட்டுவார்கள்?

நுண்ணோக்கி

நியாயமான கேள்வி வெண்தாள், கோபமும் நியாயம்தான். ஆனால் நான் எழுதியதைக் கவனமாகப் படியுங்கள். ஊசி போட்ட அத்தனை பேரையும் சேர்த்துப் பார்த்தால் இரண்டு பக்கமும் இறப்பில் குறிப்பிடத்தக்க வித்தியாசம் இல்லை. ஊசி தானாக யாரையும் கொல்லவில்லை. ஊசியும் போட்டு, அதற்குப் பிறகு ஸ்டாஃப் தொற்றும் வந்தவர்களிடம்தான் நிலைமை மோசமானது. பிறகு ஊசிக்கு முன்பே எடுத்து வைத்திருந்த ரத்தத்தைத் திரும்ப ஆராய்ந்தபோது, அப்படி இறந்தவர்களிடம் இன்டர்லூகின்-2 என்ற சமிக்ஞைப் பொருள் ஆரம்பத்திலேயே அளவிட முடியாத அளவுக்குக் குறைவாக இருந்தது தெரிந்தது. எண்ணிக்கை சிறியது, அதனால் அடித்துச் சொல்ல மாட்டேன். ஆனால் ஆளைப் பார்த்துத்தான் ஊசி என்ற பாடம் அதில் இருக்கிறது.

இதை மறைக்காமல் அவர்களே ஆய்விதழில் எழுதினார்கள் என்பதால்தான் இன்று நாம் பேச முடிகிறது. அடுத்து வருகிற எந்தச் சோதனையிலும் இதைத்தான் முதலில் பார்க்க வேண்டும் என்பதில் நானும் உங்கள் பக்கம்தான்.

கார்முகில்

சார், இவ்வளவு எழுதியதற்கு நன்றி. டயாலிசிஸ் நோயாளிகளிடமே ஒரு ஊசி 40 வாரம் வரை வேலை செய்தது என்று படித்தபோது கண் கலங்கிவிட்டது. இவ்வளவு கிட்ட வந்து போயிருக்கிறதே.

ஆனால் ஒன்று புரியவில்லை. ஆன்டிபாடி ஏறியது, ஆய்வகத்தில் கிருமியைக் கொன்றது என்கிறீர்கள். எலிகளுக்கும் போட்டுப் பார்த்திருப்பார்கள்தானே? எலி பிழைத்திருக்கும்தானே? பிறகு மனிதனிடம் மட்டும் ஏன்?

நுண்ணோக்கி

எலி எப்போதும் பிழைக்கும். அங்கேதான் கோளாறு.

ஸ்டாஃப் மனிதனுக்கென்றே பழகிய கிருமி. வெள்ளையணுவைத் துளைத்துக் கொல்ல அதனிடம் இருக்கும் நச்சுகளில் சில மனித வெள்ளையணுவின் பூட்டுக்கு மட்டுமே பொருந்தும் சாவிகள். எலியின் வெள்ளையணுவில் அந்தப் பூட்டே வேறு. அதனால் எலிக்கு நோய் வரவைக்கவே லட்சக்கணக்கில், பல நேரம் கோடிக்கணக்கில் கிருமியை ஏற்ற வேண்டியிருக்கிறது. மனிதனுக்குத் தையல் நூலோ ஒரு குழாயோ உள்ளே இருந்தால் மிகச் சிறிய அளவே போதும். இரண்டும் ஒரே நோய் இல்லை.

அடுத்தது, ஆன்டிபாடியை இந்தக் கிருமி நடத்துகிற விதம். அதன் மேலே புரதம் ஏ என்று ஒன்று உண்டு. ஆன்டிபாடி என்பது ஒய் எழுத்து வடிவம், இரண்டு கையால் கிருமியைப் பிடிக்கும், காலை வெள்ளையணு பிடித்துக்கொள்ளும். புரதம் ஏ அந்தக் காலைப் பிடித்துத் தலைகீழாகத் திருப்பி வைத்துவிடும். கை வெளியே, கால் கிருமியிடம். வெள்ளையணுவுக்குப் பிடிக்க ஒன்றும் கிடைக்காது.

இன்னும் பெரிய துப்பு ஒன்று நம் கண் முன்னாலேயே கிடந்தது. பிறவியிலேயே ஆன்டிபாடி உருவாகாத குழந்தைகள் உண்டு. அவர்களை நிமோனியா கிருமிதான் அதிகம் வாட்டும், ஸ்டாஃப் அந்த அளவுக்கு இல்லை. ஆனால் வெள்ளையணுவால் கிருமியைக் கொல்லும் வேதிப்பொருளை உருவாக்க முடியாத குழந்தைகளுக்கும், எதிர்ப்புச் சக்தியை வழிநடத்தும் டி செல்களில் டிஎச்17 என்ற பிரிவு இல்லாத குழந்தைகளுக்கும் ஸ்டாஃப் கட்டி திரும்பத் திரும்ப வருகிறது. இந்தக் கிருமியை அடக்குவதில் ஆன்டிபாடியைவிட வெள்ளையணுவுக்கும் அதை வரவழைக்கும் டி செல்லுக்கும்தான் பெரிய பங்கு என்று அந்தக் குழந்தைகளின் உடம்பே சொல்கிறது. நாம் மூன்று பெரிய சோதனையிலும் அளந்தது ஆன்டிபாடியை. அளவுகோலே தப்பு என்பதுதான் என் கட்சி. எத்தனை புரதத்தைச் சேர்த்தாலும் தப்பான அளவுகோலை வைத்து அளந்தால் மூன்றாம் கட்டம் என்கிற கடைசிப் பெரிய சோதனையில்தான் உண்மை தெரியும், அதற்குள் ஆயிரக்கணக்கான நோயாளிகள் கை நீட்டியிருப்பார்கள்.

தும்பி

நான் முதுகலை மாணவி, முதல் முறை எழுதுகிறேன். நுண்ணோக்கி சார் சொன்னதோடு இதையும் சேர்த்துக்கொள்ளலாம் என்று நினைக்கிறேன். 2022-ல் சான் டியாகோ கலிஃபோர்னியா பல்கலைக்கழகத்தில் ஒரு வேலை வந்தது. மெர்க் பயன்படுத்திய அதே ஐஎஸ்டிபி புரதத்தை எடுத்து, கிருமியையே பார்க்காத எலிக்குப் போட்டார்கள், எலி பிழைத்தது. இன்னொரு கூட்டத்துக்கு முதலில் ஸ்டாஃப் தொற்றைக் கொடுத்து, அது ஆறிய பிறகு ஊசி போட்டார்கள். இங்கே ஊசி பலிக்கவில்லை. உடம்பு ஏற்கெனவே கிருமியிடமிருந்து கற்றுக்கொண்ட, உதவாத ஆன்டிபாடியைத்தான் ஊசி மறுபடி எழுப்பிவிட்டது. புதிதாக நல்லது எதுவும் உருவாகவில்லை.

இதைப் படித்த அன்று இரவு எனக்குத் தூக்கம் வரவில்லை. நாம் எல்லோரும் குழந்தையிலிருந்தே இந்தக் கிருமியைப் பார்த்தவர்கள்தானே. கார்முகில் அண்ணா கேட்ட முதல் கேள்விக்கும், ஒரு தடவை வந்தும் ஏன் எதிர்ப்பு வரவில்லை என்பதற்கும் இதில் பாதி பதில் இருக்கிறது என்று நினைக்கிறேன். எதிர்ப்பு வருகிறது, ஆனால் கிருமிக்குச் சாதகமான எதிர்ப்பு வருகிறது.

நுண்ணோக்கி

நன்றாகச் சொன்னீர்கள் தும்பி. இனிமேல் ஏற்கெனவே தொற்று கண்ட எலியில் தேறாத எந்த ஊசியையும் மனிதனிடம் கொண்டுபோகக் கூடாது என்று நான் வற்புறுத்துவேன்.

இரவுப்பணி

எல்லாம் சரி. நான் தீவிர சிகிச்சைப் பிரிவில் செவிலியர், இருபது வருட அனுபவம். ஊசி வரும் வரை நோயாளி காத்திருக்க முடியாது என்பதை இங்கே யாரும் சொல்லவில்லையே.

2010-ல் நெதர்லாந்தில் நடந்த ஒரு ஆய்வு. மருத்துவமனையில் சேர்ந்த உடனேயே மூக்கில் ஸ்டாஃப் இருக்கிறதா என்று பார்த்தார்கள். இருந்தவர்களுக்கு ஐந்து நாள் மூக்கில் மியூபிரோசின் களிம்பு, குளிக்கக் குளோர்ஹெக்சிடின் சோப்பு, அவ்வளவுதான். மருத்துவமனையில் வரும் ஸ்டாஃப் தொற்று 7.7 சதவீதத்திலிருந்து 3.4 ஆக இறங்கியது. மூன்று ஊசிகளும் செய்யாததை ஒரு களிம்பும் ஒரு சோப்பும் செய்திருக்கின்றன. குழாயின் வாயைத் துடைக்கும்போது சும்மா ஒரு இழுப்பு இழுத்துவிட்டுப் போகாமல் பதினைந்து நொடி அழுத்தித் தேய்த்து, காயும் வரை காத்திருக்கிற நர்ஸ் எத்தனை பேரைக் காப்பாற்றுகிறார் என்று யாரும் எண்ணுவதில்லை. நான் வேலை பார்த்த ஒரு இடத்தில் ஆள் போதாமல் அந்தப் பதினைந்து நொடிகூடக் கிடைக்காத இரவுகள் இருந்தன, அந்த மாதங்களில் தொற்று ஏறியதை நானே பார்த்தேன். பணம் எங்கே போக வேண்டும் என்று கேட்டால் நான் முதலில் அங்கே கையைக் காட்டுவேன்.

நுண்ணோக்கி

நீங்கள் சொன்ன எதையும் நான் மறுக்கவில்லை அக்கா. ஆனால் களிம்பு ஒரு ஆன்டிபயாடிக். எல்லோருக்கும் எப்போதும் தடவினால் அதற்கும் எதிர்ப்பு வரும், வந்துகொண்டும் இருக்கிறது. மெத்திசிலின் என்ற ஆன்டிபயாடிக் 1959-ல் வந்தது, 1961-லேயே அதை எதிர்க்கும் ஸ்டாஃப் கிடைத்துவிட்டது, அதுதான் இன்றைய எம்ஆர்எஸ்ஏ. இரண்டே வருடம். 2019-ல் மட்டும் உலகம் முழுக்க பத்து லட்சத்துக்கு மேற்பட்ட சாவுகளில் ஸ்டாஃப் இருந்தது என்று லான்செட் மருத்துவ இதழில் வந்த கணக்கு சொல்கிறது. அந்தச் சாவுகளில் பல, அறுவை சிகிச்சையோ டயாலிசிஸோ எதுவும் இல்லாமல் வீட்டில் இருந்தவர்களுக்கு வந்தவை. அவர்களிடம் களிம்போடு யார் போய் நிற்பது?

இரவுப்பணி

வீட்டில் இருப்பவர்களைப் பற்றிச் சொன்னது சரிதான், அதை நான் யோசிக்கவில்லை. ஆனாலும் ஐசியூவில் என் வரிசையை மாற்ற மாட்டேன். முதலில் கை, அப்புறம் குழாய், அப்புறம்தான் ஊசி.

வெண்தாள்

ஊசிக்குப் பதில் ஆன்டிபாடியையே நேராக ஏற்றினால்? கோவிட் காலத்தில் செய்தார்களே.

தும்பி

செய்து பார்த்தார்கள். எடை குறைந்து பிறந்த குறைமாதக் குழந்தைகளுக்குக் கொடுத்தவை பலிக்கவில்லை. கொஞ்சம் நம்பிக்கை தந்தது சுவ்ராடாக்சுமாப். கிருமியின் ஆல்ஃபா நச்சு ஏழு துண்டுகளாக வந்து ஒன்றுகூடி செல்லின் மேல் குழாய் போல ஓட்டை போடும். அந்த நச்சை மட்டும் பிடிக்கிற ஆன்டிபாடி இது. வென்டிலேட்டரில் இருந்து, மூச்சுக்குழாயில் ஸ்டாஃப் இருந்த 200-க்கும் குறைவான நோயாளிகளிடம் சோதித்தார்கள். நிமோனியா வெற்று மருந்து கொடுத்தவர்களில் 26 சதவீதம், இதைக் கொடுத்தவர்களில் 18 சதவீதம். எண்ணிக்கை சிறியதாக இருந்ததால் புள்ளியியல் கணக்கில் வெற்றி என்று சொல்ல முடியவில்லை.

ஆய்வகத்தோழி

ஆல்ஃபா நச்சு என்றதும் ஒரு பழைய துயரம் நினைவுக்கு வருகிறது. 1928-ல் ஆஸ்திரேலியாவின் பண்டபெர்க்கில் டிஃப்தீரியா ஊசி போட்ட குழந்தைகளில் 12 பேர் இறந்துபோனார்கள். ஊசி மருந்துப் புட்டியில் ஸ்டாஃப் வளர்ந்திருந்தது. மக்ஃபர்லேன் பர்னெட் என்ற ஆஸ்திரேலிய விஞ்ஞானி அதை ஆராய்ந்தார், அந்த நச்சைப் பற்றிய அறிவு வளர்ந்ததில் அந்தக் குழந்தைகளுக்குப் பங்கு உண்டு. நானும் தட்டில் அந்த வளையத்தைப் பார்க்கும்போது அவர்களை நினைப்பேன்.

நுண்ணோக்கி

இப்போது ஓடிக்கொண்டிருக்கிற முயற்சிகள் பலவும் அந்தப் பக்கம்தான் திரும்பியிருக்கின்றன தோழி. கிருமியைக் கொல்வதை விட்டுவிட்டு, அதன் நச்சுகளைப் பல்லைப் பிடுங்கிய பாம்பு மாதிரி ஆக்கி ஊசியாகப் போடுவது. டெட்டனஸ் ஊசி அப்படித்தான் வேலை செய்கிறது. டெட்டனஸுக்கு நச்சு ஒன்றுதான், இதற்கு ஒரு கூட்டமே இருக்கிறது என்பதுதான் சிரமம். சுவிட்சர்லாந்தின் லிம்மாடெக் நிறுவனம் பல நச்சுகளைச் சேர்த்து ஒரு ஊசி செய்து முதல் கட்டச் சோதனையாக மனிதர்களிடம் பார்க்கத் தொடங்கியது. சீனாவில் ஒலிம்வாக்ஸ் நிறுவனத்தின் ஐந்து புரத ஊசி எலும்பு அறுவை சிகிச்சை நோயாளிகளிடம் மூன்றாம் கட்டம் வரை போயிருக்கிறது. அந்த ஐந்தில் ஐஎஸ்டிபியின் ஒரு துண்டும் இருக்கிறது, அதனால் தும்பி சொன்ன எலி ஆய்வை மனதில் வைத்து முடிவைக் கூர்ந்து பார்ப்பேன்.

இன்னொரு ஆசையும் எனக்கு உண்டு. மூக்கில் ஸ்டாஃப் இருப்பவர்களுக்கு ரத்தத் தொற்று வரும் வாய்ப்பு அதிகம், ஆனால் வந்தால் அவர்கள் இறப்பது குறைவு என்று 2004-லேயே ஒரு பெரிய ஆய்வு காட்டியது. அதாவது மூக்கில் பழகிய உடம்பு ஏதோ ஒன்றைச் சரியாகக் கற்றிருக்கிறது. அது என்ன என்று பிடித்துவிட்டால் எதை அளக்க வேண்டும் என்று தெரிந்துவிடும். நான் பாக்கி வருடங்களை அதற்குத்தான் வைத்திருக்கிறேன்.

கார்முகில்

எல்லாப் பதிவையும் இரண்டு முறை படித்தேன். அப்பாவிடமும் படித்துக் காட்டினேன். அந்த 1,804 பேரைப் பற்றிக் கேட்டுவிட்டு, "அடுத்த சோதனை வந்தால் என்னைச் சேர்த்துக்கொள்வார்களா?" என்றார். எனக்குப் பதில் சொல்ல வரவில்லை.

இரவுப்பணி அக்கா, அவருக்கு இதுவரை மூக்கில் பஞ்சுக்குச்சி வைத்து யாரும் பார்த்ததே இல்லை. வியாழக்கிழமை டயாலிசிஸ் இருக்கிறது. கேட்டால் பார்ப்பார்களா? எப்படிக் கேட்பது?

இரவுப்பணி

தாராளமாகக் கேளுங்கள் தம்பி. மூக்கு ஸ்வாப், ஸ்டாஃப் கேரியர் பரிசோதனை என்று சொன்னால் அவர்களுக்குப் புரியும். இரண்டு முறை ரத்தத்தில் வந்திருக்கிறது என்பதை முதலிலேயே சொல்லுங்கள், பழைய இரண்டு கல்ச்சர் ரிப்போர்ட்டையும் கையோடு எடுத்துப்போங்கள். கிருமி இருந்தால் களிம்பு வேண்டுமா, எத்தனை நாள் என்பதை அவர்களே முடிவு செய்யட்டும், நீங்களாகக் கடையில் வாங்கித் தடவிவிடாதீர்கள். குழாயை யார் தொட்டாலும் முதலில் கை கழுவினார்களா என்று அப்பாவே கேட்கட்டும். நல்ல நர்ஸ் யாரும் அதற்குக் கோபப்பட மாட்டார். ரிசல்ட் வந்ததும் இங்கே எழுதுங்கள்.